பெயர் கூப்பிட்டபோது அவள் பல்லுக்கிடையில் சட்டைப் பின்னூசி

கொச்சிக்கடைக்காரன்:

கோல் ரூம் என்பது ஓட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளைப் பெயர் கூப்பிட்டு வரிசைப்படுத்துகிற இடம். அங்கே வேலை பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எனக்கு அது இரண்டு நாள் தொண்டர் வேலை. ஒரு தொப்பியும் பகல் சோற்றுப் பார்சலும் கிடைக்கும் என்று போனேன். 2016, கொழும்பு சுகததாச மைதானம், பாடசாலைப் பிள்ளைகளின் மெய்வல்லுநர் போட்டி. பெண்கள் 800 மீட்டர், மூன்றாவது ஹீட், அதாவது தகுதிகாண் ஓட்டம்.

பட்டியல் ஆங்கிலத்தில். பக்கத்தில் இருந்த ஐயா அதைச் சிங்கள வாயால் வாசித்தார். நம்முடைய பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர்தான் முன்னால் நீளமாக நிற்கும். பிள்ளையின் பெயர் கட்டத்துக்குள் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அவர் வாசித்தது தகப்பன் பெயரை, அதுவும் நடுவில் இரண்டு எழுத்தை விழுங்கி. மூன்று தரம் வாசித்தார். ஒருவரும் வரவில்லை. என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெயரை வெட்டிக் கோடு போட்டேன்.

அந்தப் பிள்ளை எங்களுக்குப் பத்தடி தள்ளி முழங்காலில் நின்று, கூட வந்த பிள்ளையின் முதுகில் இலக்கம் குத்திக்கொண்டிருந்தாள். பல்லுக்கிடையில் சட்டைப் பின்னூசி. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். அது தன்னுடைய பெயர்தானா என்று யோசிக்கிற பார்வை. வாயைத் திறந்தால் ஊசி விழும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு "சேர், என்னையா?" என்று எழும்பி வருவதற்குள் ஹீட்டை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

எனக்குத் தமிழ் தெரியும். பட்டியல் என் மடியில்தான் இருந்தது. ஒரு தரம் தமிழில் கூப்பிட்டிருக்கலாம். பயமா, சோம்பலா, பெரியவர் வாசிக்கிறாரே நமக்கென்ன என்பதா, தெரியவில்லை. அவள் அழவில்லை. வவுனியாவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த பிள்ளை என்று பிறகுதான் அவர்களுடைய மிஸ் சொன்னார்.

உங்களுக்கும் இப்படி ஏதும் இருந்தால் எழுதுங்கள்.

மாளிகாவத்தை ராத்தா:

இருக்கிறது. நான் வலைப்பந்தில் ஜீ.டீ., எதிரணி கோல் போடவிடாமல் தடுக்கிறவள். முழுக்கை, உள்ளே லெகிங்ஸ், ஸ்கார்ஃபை இறுக்கிச் சொருகிக்கொண்டு விளையாடுவேன். "பந்து விளையாடுற புள்ளய யாரு கலியாணம் முடிப்பா" என்று வாப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். உம்மாதான் சனிக்கிழமை டியூஷன் என்று சொல்லி அனுப்பிவைப்பார்.

ஒரு சனிக்கிழமை பந்து வெளியே போய்விட்டது. எடுக்கப் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்துக்குக் கீழே வாப்பாவின் த்ரீவீல். மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். ஆனால் பக்கக் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தார். கண்ணாடிக்குள் எங்கள் கோல் கம்பம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஹயர் ஒன்று வந்தது, பை நிறையச் சாமானோடு ஓர் அம்மா. கையை ஆட்டி வேறு வண்டி பார்க்கச் சொன்னார். நான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மரத்தடியைப் பார்ப்பேன். அநேகமாக நிற்பார். வீட்டில் டியூஷன் எப்படிப் போகிறது என்று கேட்பார், நல்லாப் போகுது என்பேன். இப்போதும் அவர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். இன்றுவரை இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஓய்வுபெற்ற விசில்:

கொச்சிக்கடைக்காரர் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. கூப்பிடும்போது வராத பிள்ளை வராத பிள்ளைதான். ஒரு ஹீட்டை ஐந்து நிமிஷம் நிறுத்தினால் பின்னேரம் ரிலே இருட்டில்தான் ஓட வேண்டும். கூட வந்த மிஸ் எங்கே போனார்? பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கோல் ரூமில் விடுவது அவருடைய வேலை.

என்னுடையது சின்னக் கதை. கொட்டாஞ்சேனைப் பக்கம் படிப்பித்த காலத்தில் உயரம் பாய்கிற ஒரு பிள்ளை. ஓஎல் பரீட்சை வருகிறது, முடியட்டும் சேர் என்று தாய் வந்து சொன்னார். முடிந்தது. பிள்ளை திரும்பி வரவில்லை. மூன்று வருஷம் கழித்துப் புறக்கோட்டையில் திரைச்சீலைத் துணி வாங்கப் போனேன். மேல்தட்டிலிருந்த துணிக்கட்டைக் காட்டினேன். கடைப் பெண் ஸ்டூலைத் தேடவில்லை. இரண்டு எட்டு வைத்து ஒரு துள்ளு, கட்டு கையில். எழும்பியது இடது காலில். அந்தக் காலைப் பழக்க நான் ஒரு வருஷம் பாடுபட்டேன். "எத்தன யார் துணி வேணும் சேர்?" என்றாள். அவள்தான்.

ஆனால் ஒன்று. உண்மையிலேயே வேண்டும் என்கிறவர் எப்படியும் வருவார். ஓட்டக்காரி சுசந்திகா ஜயசிங்க சப்பாத்து வாங்க வழியில்லாத வீட்டிலிருந்து வந்து சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வெண்கலம் எடுக்கவில்லையா?

37ஆம் ஒழுங்கை:

விசில் ஐயா, அது வெண்கலம் இல்லை, வெள்ளி. ஓடி முடித்த அன்றைக்கு வெண்கலம்தான். முதலாவது வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து எடுத்ததை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். அதற்கும் இரண்டு வருஷம் கழித்துத்தான் சுசந்திகாவுக்கு வெள்ளி என்று ஆனது. அவர் ஓடியது 22.28 செக்கன். முன்னால் முடித்த பஹாமாஸ்காரர் 22.27. 1948இல் டங்கன் வைட் எடுத்ததற்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது ஒன்றுதான்.

அப்புறம் "வேண்டும் என்கிறவர் எப்படியும் வருவார்" என்பது. உங்கள் கதையில் வருகிற பிள்ளைக்கே வேண்டித்தானே இருந்தது? புறக்கோட்டையில் துணி கிழிக்கிறாள். சப்பாத்து இல்லாமல் ஒருவர் வந்துவிட்டார் என்பதைப் பிடித்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து கொடுக்காமல் இருக்கிறோம்.

அந்த ஓட்டம் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. 2000 செப்டம்பர், வெள்ளவத்தை. போர்க்காலம். முதல் நாள் இரவுதான் பொலிஸார் வீட்டில் அடையாள அட்டை பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாச்சி அந்தப் பயம் தெளியாமல் கட்டிலில் இருந்தார். டிவியில் சுசந்திகா ஓடி முடிக்கிறார். முன்வாசலில் தடதடவென்று சத்தம். அப்பாச்சி தலையணைக்குக் கீழே கையை விட்டு அடையாள அட்டையை எடுத்தார். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தது பக்கத்து வீட்டு ஆன்ட்டி. சமைத்த கை, மிளகாய்த்தூள் போகவில்லை. அப்பாச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ கத்துகிறார், அழுகிறார், சிரிக்கிறார். அப்பாச்சிக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. "ஓம், ஓம்" என்றார். அட்டை இரண்டு பேர் கைக்கும் நடுவில். அது பிறகு மஞ்சளாக இருந்தது, துடைத்தும் போகவில்லை.

லேப் கோட்:

பத்து வருஷம் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கிறவள் நான். ஒரு நாள் 1500 மீட்டர் ஓடுகிற பிள்ளையைத் தாய் கூட்டிக்கொண்டு வந்தார், பயிற்சியில் இரண்டு தரம் விழுந்துவிட்டாளாம். ஹீமோகுளோபின் 8.4. "கோச் பயம் என்கிறார், அப்பா நடிப்பு என்கிறார், நீங்க என்ன சொல்றீங்க மிஸ்?" என்று அந்தப் பிள்ளை கேட்டது மறக்கவில்லை.

பெண் பிள்ளைகளை ஓடவிடுகிறவர்கள் இதை வாசிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. மாதாமாதம் இரத்தம் போகிற உடம்பு, அதற்கு மேல் பயிற்சி, காலையில் பாணும் பிளேன்டீயும். இரும்புச்சத்து எங்கிருந்து வரும்? சோற்றோடும் சோறு முடிந்த கையோடும் தேத்தண்ணி குடிக்கக் கூடாது, சாப்பாட்டில் இருக்கிற இரும்பை உடம்பு எடுக்கவிடாது. குறைந்தது ஒரு மணித்தியாலம் போகட்டும். கீரை வறுத்தால் இறக்கிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள். நெத்தலி, முட்டை, ஈரல், எது கட்டுப்படியாகுமோ அது. இரும்பு மாத்திரையை டொக்டர் சொல்லாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள், முதலில் இரத்தம் பாருங்கள்.

இன்னொன்று. மாதவிடாய் நின்றுவிட்டால் பயிற்சி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சொல்கிற கோச்மார் இருக்கிறார்கள். பிழை. ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்று உடம்பு சொல்கிறது. அப்படியே விட்டால் எலும்பில் வெடிப்பு வரும். மூன்று மாதம் வராவிட்டால் கட்டாயம் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

ஸ்பைக்ஸ், அதாவது ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன். தம்பி புல்லில் ஓடப் போட்ட நீள ஆணியோடு சப்பாத்தை அப்படியே தங்கச்சிக்குக் கொடுக்கிறீர்கள். சிந்தடிக் ட்ராக்குக்கு 6 மில்லிமீட்டர் போதும். 9க்கு மேல் ஓட்டத்துக்கு விடமாட்டார்கள். ஆணியைக் கழற்றுகிற சாவியையும் பையில் போட்டு அனுப்புங்கள். அளவு பெரிது என்றால் பஞ்சு அடைக்க வேண்டாம், நகம் கறுத்து விழும். இரண்டு சோடி காலுறை போடலாம்.

புளூமெண்டால்:

லேப் கோட் அக்கா, கதை நாலு வரி, மருந்துச் சீட்டு இரண்டு பக்கம். பிள்ளைக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதை விட்டுவிட்டீர்களே.

நான் ஐந்தடி பதினொன்று. பள்ளிக்கூடத்தில் தென்னைமரம், 155 பஸ்ஸில் லைட் போஸ்ட். வலைப்பந்தில் கோல் ஷூட்டில், கோல் போடுகிற இடத்தில் போட்டார்கள், இரண்டு வருஷம் விளையாடினேன். "இன்னும் வளர்ந்தா மாப்பிள்ளைக்கு ஏணிதான் வைக்கணும்" என்று மாமி ஆட்களுக்கு முன்னால் சொன்ன அன்றோடு விட்டேன். தோளை மடக்கி நடக்கப் பழகினேன்.

2019இல் லிவர்பூலில் உலகக் கிண்ண வலைப்பந்து. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், ஆறடி பத்து அங்குலம், அந்தத் தொடரில் 348 கோல். வேறு எந்த நாட்டுக்காரிக்கும் அவ்வளவு இல்லை. அந்தக் கிழமை 155இல் நின்றுகொண்டு வருகிறேன், தலை கூரையில் முட்டாமல் குனிந்து. என்னை லைட் போஸ்ட் என்கிற அதே கண்டக்டர் ஃபோனை நீட்டி வீடியோவைக் காட்டினார். "நங்கி, இவ உங்கட அக்காவா?" என்று கேட்டார். அரைகுறைத் தமிழில்தான், ஆனால் முதல் முறையாக மரியாதையோடு.

ஓம் என்றேன்.

டிக்கெட் காசு வாங்கவில்லை. முன்னாலிருந்த ஒரு மாமாவை எழுப்பி எனக்கு இருக்கை எடுத்துக் கொடுத்தார். மட்டக்குளி வரும்வரைக்கும் பொய்யாகிவிடக் கூடாதே என்று நிமிர்ந்தே இருந்தேன். இறங்கின பிறகுதான் வெட்கமாக இருந்தது, பொய் சொன்னதற்கு இல்லை.

லேப் கோட்:

"நடிப்பு இல்லை" என்று சொன்னேன். தகப்பன் வெளியே பெஞ்சில் இருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன். பிள்ளை மறுபடி ஓடுகிறாளா தெரியாது, அதற்குப் பிறகு வரவில்லை. எழுத வேண்டாம் என்று விட்டது அதனால்தான்.

ஓய்வுபெற்ற விசில்:

37ஆம் ஒழுங்கைக்கு: வெள்ளிதான், என் பிழை. மற்றதற்குப் பதில் இல்லை. அன்றைக்கு ஐந்து யார் துணி வாங்கினேன், எனக்குத் தேவை மூன்று.

கொச்சிக்கடைக்காரன்:

விசில் ஐயா மிஸ்ஸைக் கேட்டிருந்தார். ஒரு மிஸ்ஸுக்குப் பதினொரு பிள்ளைகள். அந்த நேரம் அவர் குண்டு எறிதல் போட்டிக்கு வந்த பிள்ளையோடு மற்றப் பக்கத்தில் நின்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விதி சரிதான் என்று எனக்கும் தெரியும். எனக்கு உறுத்துவது விதி இல்லை. அந்த ஹீட்டை நான் கடைசிவரை பார்த்தேன். இவள் இலக்கம் குத்திவிட்ட பிள்ளை ஓடினாள், ஐந்தாவதாக வந்தாள் என்று நினைக்கிறேன். முதுகில் மூன்று மூலைதான் குத்தியிருந்தது. நாலாவது மூலை இரண்டு சுற்றும் படபடவென்று அடித்துக்கொண்டே போனது. அந்த நாலாவது பின்னைக் கையில் வைத்துக்கொண்டு இவள் எனக்குப் பக்கத்தில் நின்று, "கையை வீசு, கையை வீசு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.