2009 மாடல் காரில் ஏசி: கம்ப்ரஸர் மாற்றலாமா, விட்டுவிடலாமா?

பள்ளத்தூரான்:
வணக்கம். எங்கள் வீட்டில் 2009-ல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது. 2024-ல் ஆர்சி புதுப்பித்தாயிற்று, 2029 வரை ஓட்டலாம். இன்ஜினில் குறை இல்லை, பாடியில் துரு இல்லை. ஏசிதான் தொல்லை. ஓடும்போது ஓரளவு குளிர்கிறது; திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் நின்றால் அனல் காற்று வருகிறது. போன கோடையில் கேஸ் ஏற்றினோம், அதற்குள் குறைந்துவிட்டது. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற 32,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஏசி கடைக்காரர். அப்பத்தாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மதுரைக்கு அடிக்கடி கூட்டிப்போக வேண்டும். கண்ணாடியை இறக்கினால் செம்மண் தூசி அடிக்கிறது. இந்த வண்டிக்கு இவ்வளவு செலவழிக்கலாமா?

தேவகோட்டை ரோடு:
பழைய வண்டியில் ஏசிக்குப் பணம் போட்டால் விற்கும்போது திரும்பி வராது. அந்த 32,000-ஐ அடுத்த வண்டிக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.

கோட்டையூர் மெக்கானிக்:
அண்ணன் சொல்வது விற்கப்போகிறவருக்குச் சரி. இவர் இன்னும் சில வருஷம் ஓட்டப்போகிறார், அப்பத்தாவுக்கு ஏசி தேவை. அதனால் முதலில் கோளாறு எங்கே என்று தெரிய வேண்டும். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. ஒரு வருஷத்துக்குள் குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் மறுபடி ஏற்றுவது வீண்.

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாவது என்றால் நான் முதலில் கண்டென்சரைத்தான் பார்ப்பேன், அதாவது வண்டியின் முன்னால் இருக்கும், கேஸின் சூட்டை வெளியே தள்ளும் தகட்டு அடுக்கை. ஓடும்போது எதிர்காற்று அதைக் குளிர்விக்கும். நின்றால் ஃபேன்தான் வேலை செய்ய வேண்டும். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். முன்னால் ஃபேன் சுற்றுகிறதா? பிறகு கண்டென்சர் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், பிரஷர் வாட்டர் வேண்டாம், தகடு மடங்கிவிடும். உள்ளே உடனே குளிர் வந்தால் அது பெரும்பாலும் காற்றுக் குறை. கம்ப்ரஸர் மேல் பழி போடாதீர்கள்.

கேஸின் அழுத்தம் குறைவான (லோ) பக்கம், கூடுதலான (ஹை) பக்கம் இரண்டிலும் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தாரா என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். கேஸ் சரியான அளவில் இருந்தும் லோ பக்கம் ஏறி, ஹை பக்கம் இறங்கி நின்றால்தான் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். வண்டியை வேப்பமரத்தடியிலா நிறுத்துகிறீர்கள்? பூவும் சருகும் தகட்டில் அடைத்து நிற்பதை இங்கே நிறையப் பார்க்கிறோம்.

பள்ளத்தூரான்:
ஆமாம் அண்ணே, வேப்பமரத்தடிதான். தண்ணீர் ஊற்றியதும் குளிர் வந்துவிட்டது! ஃபேன் சுற்றவில்லை, குச்சியால் தள்ளினால் கொஞ்சம் சுற்றி நிற்கிறது. கண்டென்சரின் கீழ் மூலையில் எண்ணெய்க் கசிவு மாதிரி கறுப்பாக இருக்கிறது. கேஜ் மாட்டவே இல்லையாம்.

கோட்டையூர் மெக்கானிக்:
அப்படியானால் ஃபேன் மோட்டார் போயிருக்கலாம், கண்டென்சரும் கசிகிறது போல. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து வருவதால் கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படியும். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். வண்டிக்குள் வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலையும் அப்போதே பார்த்துவிட வேண்டும், இது முக்கியம். பல வண்டிகளில் அதை எடுக்க டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும், கூலி கூடும்.

காயில் நன்றாக இருந்தால் தயங்காமல் செய்யுங்கள். கண்டென்சர், ஃபேன் மோட்டார், கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர் மூன்றையும் ஒன்றாக மாற்றி, பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு, ஆர் 134ஏ கேஸை எடை பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் இது அந்த 32,000-க்குப் பாதிக்குள் முடிய வேண்டும். பைப்பைக் கழற்றும்போது ஆயிலில் உலோகத்தூள் மினுமினுத்தால் மட்டும் வேலையை நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். அப்போது கம்ப்ரஸரே உள்ளுக்குள் தேய்கிறது என்று அர்த்தம், கணக்கு மாறிவிடும்.

தேவகோட்டை ரோடு:
பாதிக்குள் முடியும் என்றால் நானும் செய்யத்தான் சொல்வேன்.

பள்ளத்தூரான்:
ரொம்ப நன்றி. வெள்ளிக்கிழமைதான் கடையில் நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் ஒரு தடவை மதுரை போக வேண்டும், இருக்கிற ஏசியைப் போடலாமா?

கோட்டையூர் மெக்கானிக்:
போடாதீர்கள் தம்பி. கேஸ் குறைந்தால் ஆயில் கம்ப்ரஸருக்குச் சரியாகத் திரும்பாது, நல்லாயிருக்கிற கம்ப்ரஸரும் ஜாம் ஆகிவிடலாம். அப்பத்தாவுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள்.