தண்ணீர்ப்பந்தல் பதிவுப் பக்கம்: அப்பாச்சி எழவில்லை, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகின்றன

பட்டர்வொர்த்வாசி:

வணக்கம். மூன்று இரவாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

தைப்பூசத்துக்கு இன்னும் 16 நாள்தான் இருக்கிறது. பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் குழு ஆண்டுதோறும் தண்ணீர்ப்பந்தல் போடுகிறது. யார் எந்த நேரத்துக்கு வருகிறார், மோர் கலக்கவா, காய் நறுக்கவா, பாத்திரம் கழுவவா என்பதெல்லாம் இதுவரை புலனக் (வாட்ஸ்அப்) குழுவில்தான் ஓடியது. போன வருடம் தேர் வரும் இரவில் மோர்ப் பக்கம் 11 பேர், பாத்திரம் கழுவ இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவர் என் அம்மா. அதனால் ஒரு சின்னப் பதிவுப் பக்கம் செய்கிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விண்டோஸ் 11 மடிக்கணினி. படிக்கும்போது பென்டிரைவில் வைத்திருந்த பழைய ஸாம்ப்பை (சொந்தக் கணினியிலேயே வலைப்பக்கம் செய்து பார்க்க உதவும் மென்பொருள் தொகுப்பு) நிறுவினேன். அதில் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் பச்சையாகிறது. பக்கத்தைக் காட்டும் சேவையகமான அப்பாச்சியை அழுத்தினால் ஒரு நொடி மஞ்சள், அப்புறம் சிவப்பில் ஒரு பத்தி. இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன். அதே கதைதான்.

கடைசியில் எங்கேயோ படித்து, போர்ட்டை, அதாவது அப்பாச்சியின் வாசல் எண்ணை, 8080 என்று மாற்றினேன். பக்கம் வந்தது. சந்தோஷமாகப் பழைய தொண்டூழியர் பட்டியலை உள்ளே ஏற்றினேன். 412 பெயர்கள். எல்லாமே கேள்விக்குறி.

அந்தப் பட்டியல் எங்கள் குழுவின் பெரியவர் ஒருவர் தன் கையால் தட்டியது. 70 வயதைத் தாண்டியவர். ஒவ்வொரு பெயரையும் அவரவரிடம் கேட்டு, தமிழில் சரியாக எழுதி வைத்திருக்கிறார். அதை நான் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

செந்தூல்:

தம்பி, முதலில் எதையும் அழிக்காதீர்கள். மறுபடி நிறுவவும் வேண்டாம். அப்பாச்சி எழாததும் பெயர் கேள்விக்குறியானதும் வேறு வேறு நோய். ஒன்றைத் தீர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவோம்.

ஸாம்ப் பெட்டியின் அடியில் சிவப்பில் வந்த பத்தியில் போர்ட் 80 என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் பிஐடி என்று, அந்த போர்ட்டைப் பிடித்திருக்கும் நிரலின் எண் போட்டிருக்கும். அந்த எண் என்ன? பத்தி போய்விட்டது என்றால் கட்டளைச் சாளரத்தை நிர்வாகி உரிமையோடு திறங்கள். நெட்ஸ்டாட் என்று அடித்து, ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டியே ஏ, என், ஓ என்ற மூன்று எழுத்துகள். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். வருகிற பட்டியலில் முகவரி முக்காற்புள்ளி 80 என்று முடிந்து, கேட்டுக்கொண்டிருக்கும் (லிசனிங்) நிலையில் உள்ள வரியைப் பாருங்கள். அந்த வரியின் கடைசி எண்தான் வேண்டும்.

கிள்ளான்:

ஸ்கைப்பை மூடிப் பாருங்கள் சகோ. எனக்கு அப்படித்தான் சரியானது.

செந்தூல்:

அது அந்தக் காலத்துக்குச் சரி. ஸ்கைப் உண்மையிலேயே போர்ட் 80-ஐ எடுத்துக்கொள்ளும். ஆனால் 2025 மே மாதத்தோடு ஸ்கைப் சேவையே நின்றுவிட்டது. தேடினால் இன்னும் முதலில் அந்தப் பதில்தான் வருகிறது, புதிதாகக் கற்பவர்கள் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பட்டர்வொர்த்வாசி:

அக்கா, எண் 4. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிஸ்டம் என்று இருக்கிறது. அதை நிறுத்த விடமாட்டேன் என்கிறது.

செந்தூல்:

நல்லவேளை, நிறுத்த விடவில்லை. 4 என்பது விண்டோஸின் கருவே. அதற்குள் எச்டிடிபி.சிஸ் என்ற இயக்கி இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் சொந்த வலைச் சேவையகமான ஐஐஎஸ் போன்றவை அதன் வழியாகத்தான் போர்ட்டைக் கேட்டு வாங்கும். அதனால்தான் பிடித்திருப்பவர் பெயர் தெரியாமல் சிஸ்டம் என்று மட்டும் காட்டுகிறது.

விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, வேர்ல்டு வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ் என்று ஒன்று ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் நிறுத்திவிட்டு, தொடக்க வகையை மேனுவல் என்று மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது அது மறுபடி முந்திக்கொள்ளும்.

படிக்கிற காலத்தில் எப்போதாவது ஐஐஎஸ்ஸை இயக்கினீர்களா?

பட்டர்வொர்த்வாசி:

ஆமாம் அக்கா! மூன்றாம் செமஸ்டரில் ஒரு பயிற்சிக்காக விண்டோஸ் அம்சங்களில் போய் டிக் போட்டேன். மறந்தே போய்விட்டது. சேவையை நிறுத்தினேன், போர்ட்டைப் பழையபடி 80 ஆக்கினேன். அப்பாச்சி பச்சை. மூன்று இரவு போனது இந்த ஒரு டிக்கினால். மிக்க நன்றி.

இப்போது பெயர்கள். அட்டவணையின் எழுத்துக் குறிமுறை லத்தீன்1 ஸ்வீடிஷ் என்று இருந்தது, அதைத் தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றிவிட்டேன். கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.

பாயான் லெப்பாஸ்:

அட்டவணையை மாற்றியது நல்லதுதான், ஆனால் விழுந்துவிட்ட கேள்விக்குறி அதனால் எழுந்து வராது. நான் இரவு ஷிப்ட் முடிந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் கெட்டுப்போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தலையில் சின்னக் கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகமுத்திரைக் குறியும் மாறி மாறி வருவது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். க என்ற எழுத்து ஈ0, ஏஈ, 95. லத்தீன் அட்டவணைப்படி ஈ0 என்பது அந்தக் கோடு போட்ட ஏ, ஏஈ என்பது அந்த வட்டத்து ஆர். அதாவது பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, தவறான கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அதை மீட்கலாம்.

இரண்டாவது வகை வெறும் கேள்விக்குறி. அதில் எழுத்தே போய்விட்டது. மீட்க வழியில்லை, மூலத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

உங்கள் அட்டவணையில் இருப்பது உண்மையான கேள்விக்குறியா, திரையில் மட்டும் அப்படித் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் பிஎச்பிமைஅட்மினில் பெயர் நெடுவரிசைக்கு, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் என்ற சார்பைப் போட்டுக் கேளுங்கள். 3எஃப், 3எஃப் என்று வரிசையாக வந்தால் உண்மையான கேள்விக்குறி. ஈ0ஏஈ, ஈ0ஏஎஃப் என்று வந்தால் தமிழ் உள்ளே உயிரோடு இருக்கிறது. ஒரு பெயரை எடுத்து, எத்தனை கேள்விக்குறி என்றும் எண்ணிச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்வாசி:

வரிசையாக 3எஃப் அண்ணா. முத்துலட்சுமி என்ற பெயருக்கு 13 கேள்விக்குறி.

பாயான் லெப்பாஸ்:

சரி. நமக்கு அது ஏழு எழுத்து. கணினிக்கு ம தனி, உகரக் குறி தனி, த தனி, புள்ளி தனி. அப்படி எண்ணினால் 13 குறி. ஆகவே ஏதோ ஓர் இடத்தில் யாரோ பெயரை யூனிகோடாகவே சரியாகப் படித்து, தமிழுக்கு இடமில்லாத ஒரு முறையில் எழுத முயன்று, ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்திருக்கிறார்கள். பைட் பைட்டாக உடைந்திருந்தால் 39 வந்திருக்கும்.

லத்தீன்1 அட்டவணையும் இதைச் செய்யும். எக்செலும் செய்யும். யார் செய்தது என்று அறிய, நீங்கள் ஏற்றிய சிஎஸ்வி கோப்பை (எக்செல் பட்டியலை வெறும் உரையாகச் சேமித்தது) நோட்பேடில் திறங்கள். எக்செலில் திறக்காதீர்கள்.

பட்டர்வொர்த்வாசி:

அண்ணா, நோட்பேடிலேயே கேள்விக்குறிதான் இருக்கிறது.

அப்படியென்றால் சேவையகத்துக்குப் போவதற்கு முன்பே போய்விட்டதா? எக்செலில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி என்று இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். மூலக் கோப்பு என் கணினியில் இல்லை. இடமில்லை என்று அழித்துவிட்டேன். பெரியவர் வீட்டுக்குப் போன் செய்யக் கை வரவில்லை.

செந்தூல்:

தம்பி, போன் செய்யுங்கள். இப்போதே செய்யுங்கள். 412 பெயரைத் தட்டியவர் ஒரே இடத்தில் வைத்திருக்க மாட்டார். அப்படியே இல்லையென்றாலும், புலனத்தில் உங்களுக்கு அனுப்பியிருந்தால் அந்த உரையாடலில் கோப்பு இருக்கலாம்.

கிள்ளான்:

பழைய எழுத்துருவில் தட்டியதா, யூனிகோடா என்றும் கேட்டுவிடுங்கள். எங்கள் சங்கத்தின் பழைய பட்டியல்கள் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் இருந்தன. அதை அப்படியே ஏற்றினால் வேறு விதமான குப்பை வரும், முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

பட்டர்வொர்த்வாசி:

பேசிவிட்டேன். பெரியவர் கோபிக்கவே இல்லை. "மேசை இழுப்பறையில் பென்டிரைவ் இருக்கு, வந்து எடுத்துக்கோ, சாப்பிட்டுட்டுப் போ" என்றார். இன்று மாலை ஃபெர்ரி ஏறிப் போய் வாங்கி வந்தேன். முரசு அஞ்சலில் தட்டியது, யூனிகோடுதான். 412 பெயரும் அப்படியே இருக்கின்றன. முதல் வேலையாக இரண்டு நகல் எடுத்து வைத்தேன்.

இந்த முறை சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று எக்செலில் தனியாக இருந்த வகையைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். நோட்பேடில் தமிழ் தெரிந்தது. பிஎச்பிமைஅட்மினில் ஏற்றினேன், அங்கேயும் தமிழ். ஹெக்ஸ் போட்டால் ஈ0ஏஈ.

ஆனால் என் பக்கத்தில் திறந்தால் மறுபடி கேள்விக்குறி! இன்னொரு விசித்திரம்: என் படிவத்தின் வழியாக ஆறு பேரைச் சோதனைக்குப் பதிந்தேன். அவர்கள் என் பக்கத்தில் அழகான தமிழில் வருகிறார்கள், பிஎச்பிமைஅட்மினில் பார்த்தால் கோடு போட்ட ஏ, வட்டத்து ஆர்.

பாயான் லெப்பாஸ்:

இந்த ஒரு பத்தி போதும் தம்பி, காரணம் தெரிந்துவிட்டது. கோப்பும் சரி, அட்டவணையும் சரி. நடுவிலிருக்கும் குழாய்தான் லத்தீன். உங்கள் பக்கத்தை இயக்கும் பிஎச்பி நிரல் தரவுத்தளத்தோடு பேசும்போது எந்த முறையில் பேசுவது என்று சொல்லவில்லை. பழைய ஸாம்ப் ஆகையால் அது லத்தீன்1 என்று எடுத்துக்கொள்கிறது.

பெரியவரின் பெயர்கள் உள்ளே சரியான தமிழ். வெளியே வரும்போது லத்தீன் குழாயில் இடமில்லாமல் கேள்விக்குறியாகின்றன. உள்ளே ஒன்றும் கெடவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் ஆறு பேரோ லத்தீன் வேஷத்தில் உள்ளே போய், அதே வேஷத்தில் வெளியே வருகிறார்கள். அதனால் உங்கள் பக்கத்தில் மட்டும் சரியாகத் தெரிகிறது. இதுதான் ஆபத்தானது. பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும், பல மாதம் கழித்து வேறு கணினிக்கு மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும்.

தரவுத்தளத்தோடு இணைந்தவுடனே, வேறெந்தக் கேள்வியும் அனுப்பும் முன், செட்_சார்செட் என்பதை அழைத்து யூடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். ஒரே வரி. அந்த ஆறு சோதனைப் பதிவையும் அழித்துவிட்டு மறுபடி பதியுங்கள்.

வெறும் யூடிஎஃப்8 என்று கொடுத்தாலும் தமிழ் வரும். மைஎஸ்கியூஎல் அந்தப் பெயரில் வைத்திருப்பது மூன்று பைட் வரைதான், தமிழுக்கு அது போதும். ஆனால் யாராவது பெயருக்குப் பின்னால் கைகூப்பும் பொம்மையைப் போட்டால் அதற்கு நான்கு பைட் வேண்டும். நம் ஆட்கள் கட்டாயம் போடுவார்கள்.

பட்டர்வொர்த்வாசி:

வந்துவிட்டது. 412 பேரும் தமிழில். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒன்றே ஒன்று மிச்சம். பதிந்த நேரம் தப்பாக விழுகிறது. இரவு 9.40-க்குப் பதிந்தால் பிற்பகல் 2.40 என்கிறது. கணினியின் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது. ஷிப்ட் எல்லாம் நேரத்தை வைத்துத்தான் அண்ணா.

செந்தூல்:

சரியாக 7 மணி நேரம் பின்னால் இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் பிஎச்பி ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கிறது. ஸாம்ப்போடு வரும் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் நேர வலயம் ஐரோப்பா/பெர்லின் என்று எழுதியே வருகிறது. நாம் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால், பெர்லின் குளிர்காலத்தில் 1 மணி முன்னால். அந்த வரியை ஆசியா/கோலாலம்பூர் என்று ஆங்கிலத்தில் மாற்றுங்கள். ஊர்ப் பெயரின் இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இல்லை, அடிக்கோடு. சேமித்துவிட்டு அப்பாச்சியை ஒரு முறை நிறுத்தி எழுப்புங்கள், இல்லாவிட்டால் மாற்றம் தெரியாது.

பாயான் லெப்பாஸ்:

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்த உற்சாகத்தில் இந்த மடிக்கணினியையே இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். ஸாம்ப் உருவாக்கிப் பார்ப்பதற்கானது, அதைச் செய்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். ரூட் என்ற தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல்கூட இல்லாமல்தான் வருகிறது. 412 பேரின் கைப்பேசி எண் அதில் இருக்கிறது. பொதுப் பயன்பாட்டுக்கு ஒரு சின்ன வாடகை இடம் எடுங்கள். அங்கே ஏற்றியதும் அட்டவணை, இணைப்பு, நேர வலயம் மூன்றையும் மறுபடி பாருங்கள். படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், மோர் கலக்க அது எதற்கு?

பட்டர்வொர்த்வாசி:

கேட்டிருந்தேன் அண்ணா. எடுத்துவிட்டேன்.

நேற்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். 200-ஐத் தாண்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். வள்ளியம்மை என்பதில் ஒரு ளகரப் புள்ளி விட்டுப்போயிருந்தது. கணினி தின்றுவிட்டதோ என்று எனக்குத் திக்கென்றது. மூலக் கோப்பைத் திறந்து பார்த்தோம், அதிலும் புள்ளி இல்லை. "நான்தான் விட்டிருக்கேன்" என்று தானே விசைப்பலகையை இழுத்து வைத்துத் திருத்தினார்.

பாத்திரம் கழுவ இதுவரை ஒன்பது பேர் பதிந்திருக்கிறார்கள். கடைசியாகப் பதிந்தவர் இரவு 10.15. திரையிலும் 10.15.