எனக்கு மட்டும் போத்தல் தண்ணீர்

வெளிநாட்டிலிருந்து பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பிப் போன அனுபவத்தை இங்கே இதுவரைக்கும் எழுதியவர்கள் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் போய் வந்த கதையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் திருகோணமலை. 1990 ஆனியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்கு 11 வயது. அந்த வருஷமே ஊரை விட்டோம், இரண்டு வருஷம் கழித்துக் கனடா. 2023 ஆவணியில் அம்மாவையும் என் 14 வயது மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று கிழமை போய் நின்றேன். இடையில் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஒரு காலம் பயம், பிறகு வேலை, பிள்ளை, அம்மாவின் முழங்கால் என்று 33 வருஷம் போய்விட்டது.

கொழும்பிலிருந்து வான் வண்டியில் போனோம். கந்தளாய் தாண்டியதும் அம்மா கைப்பையைத் திறந்து தன் பழைய அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஓரமெல்லாம் பிரிந்து, படம் மங்கிப்போன அட்டை. அதை இத்தனை வருஷமும் வைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வழியில் ஒருவரும் மறிக்கவில்லை. ஆனாலும் பட்டினத்துக்குள் வந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மான்கள் நிற்பதைக் காணும்வரை அவர் அதைக் கீழே வைக்கவில்லை. மான் எங்கள் காலத்திலும் இருந்ததுதான், ஆனால் என் நினைவில் அவை கோட்டைக்குள் நின்று புல் மேய்பவை. இப்போது ஒரு புள்ளிமான் சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீனை மென்றுகொண்டு நின்றது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் தங்கியது பாலையூற்றில், சின்னம்மா வீட்டில். போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் எல்லோருக்கும் செம்பில் தண்ணீர் வந்தது. எனக்கும் மகனுக்கும் மட்டும் கடையில் வாங்கிய போத்தல், மூடி உடைக்காமல். அம்மாவுக்குக்கூடச் செம்புதான். அவர் இந்த வீட்டுப் பிள்ளை, நான் வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று அந்த மேசையே பிரித்து வைத்ததுபோல இருந்தது. பேசாமல் குடித்தேன். இரவு தங்கச்சி (சின்னம்மாவின் மகள்தான்) பேச்சுவாக்கில் சொன்னாள், நாங்கள் வருகிறோம் என்றுதான் கட்டிலும் மெத்தையும் வாங்கினார்களாம், தவணைக்கு. அவள் குறையாகச் சொல்லவே இல்லை. ஆனால் அந்த மெத்தையில் எனக்கு நித்திரை வரவில்லை. 2022 நெருக்கடியில் பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் கண்டு ஒரு வருஷமளவே ஆன வீடு அது.

விடியற்காலையில் பாண் விற்கும் ஆட்டோ ஒழுங்கைக்குள் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். என் மகன் துள்ளி எழும்பினான், அது அவன் ஸ்காபரோவில் பியானோ வகுப்பில் படித்த மெட்டாம். அவனுக்கு ஊரில் பழக்கமாக இருந்த முதல் விஷயம் அதுதான். எனக்கோ அது புதிது, என் காலத்தில் பாண்காரர் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருவார்.

பேச்சைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் வீட்டில் மகனிடம் தமிழ்தான். 'சவுக்காரம்' (சோப்), 'விறாந்தை' (வராந்தா), 'கதைக்கிறது' (பேசுகிறது) எல்லாம் அம்மா திருத்தித் திருத்திக் காப்பாற்றித் தந்த சொற்கள். தங்கச்சியின் பத்து வயது மகளிடம் "சவுக்காரம் எங்கே வைக்கிறீங்கள்?" என்று கேட்டேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பெரியம்மா, நீங்க ஏன் அம்மம்மாட அம்மா மாதிரி பேசுறீங்க?" அவள் 'கதைக்கிறீங்க' என்றுகூடச் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் நாள் முழுக்க இந்தியத் தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை. நான் ஊர்ப் பேச்சென்று பொத்திப் பொத்திக் கொண்டுபோனதை ஊர்ப் பிள்ளைகள் கைவிட்டு எவ்வளவு காலமோ.

இன்னொன்று, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மீன் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் எங்களோடு தமிழிலும் பக்கத்தில் நின்றவரோடு சிங்களத்திலும் மாறி மாறிப் பேசினார். தங்கச்சியும் அவரோடு சேர்ந்து சிங்களத்தில் பாரை மீனுக்கு விலை பேசிச் சிரித்தாள். என் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. இவளால் எப்படி முடிகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே யோசனை. அப்புறம்தான் உறைத்தது: 1990க்குப் பிறகும் இங்கேயே இருந்து, 2004 சுனாமியையும் 2009 வரைக்கும் போரையும் கண்டு, இதே ஊரில் வேலைக்குப் போய்ப் பிள்ளை வளர்த்தவள் அவள். யாரோடு எப்படிப் பேசி வாழ்வது என்று அவள் தினமும் பழகியிருக்கிறாள். நான் 11 வயதுப் பயத்தை அப்படியே மடித்து வைத்திருந்து, அதே மடிப்போடு திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். அவளைக் குறை நினைக்க எனக்கு என்ன உரிமை?

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போன அன்று, வெளிநாட்டுக்காரருக்குக் கட்டணம் பல மடங்கு என்பதால் "அக்கா, நீங்க வாயைத் திறக்க வேண்டாம், நான் எடுக்கிறேன்" என்றாள் தங்கச்சி. மகன் சாதாரணமாகக் கேட்டான், "அம்மா, நாங்கள் வெளிநாட்டுக்காரர்தானே?" கடவுச்சீட்டைக் கொடுத்து அந்தக் கட்டணத்தையே கட்டினேன். பவளப்பாறையையும் மீன்களையும் பார்த்தோம், சரி, ஆனால் படகில் நானும் தங்கச்சியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

கோணேசர் கோயிலுக்கு அம்மாவை மெதுவாக நடத்திக் கூட்டிப்போனோம். கோட்டைக்குள் இன்னும் இராணுவம்தான், வழியெல்லாம் கடைகள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் மரத்தில் கட்டியிருந்த சின்னத் தொட்டில்களைப் பிடித்துக்கொண்டு அம்மா மகனுக்குக் கதை சொன்னார். போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது மறைத்து வைத்த விக்கிரகங்கள், 1950இல் ஊரில் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தன. அப்போது அவருக்கு மூன்று வயது, தாத்தா தோளில் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டினாராம். 1963இல் திரும்பக் கட்டிக் குடமுழுக்குச் செய்தபோது அவர் பாவாடை தாவணியோடு அதே கூட்டத்துக்குள் நின்றவர். கனடாவில் இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன், ஆனால் அங்கே அவர் குரல் இப்படி இருந்ததே இல்லை.

வந்து பத்து நாள் இருக்கும். போத்தலைத் தொடாமல் நேரே குசினிக்குள் போய், செம்பை எடுத்துக் குழாயில் பிடித்துக் குடித்தேன். பாலையூற்றிலும் இப்போது கிணற்றை வலை போட்டு மூடிவிட்டார்கள், குழாய்த் தண்ணீர்தான். சின்னம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் மேசையில் போத்தல் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

குழாய்த் தண்ணீர் குடித்த இரண்டாம் நாள் வயிறு கலக்கத் தொடங்கியது. ஒருவருக்கும் சொல்லவில்லை, வெயில் என்று படுத்துக்கொண்டேன். பின்னேரம் சின்னம்மா வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தார். "மகள், இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊத்தட்டா?" என்று மட்டும் கேட்டார். தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்குப் புகை மணந்து எழும்பிப் போனேன். காஸ் விற்கிற விலைக்கு, பின் வளவில் மூன்று கல் வைத்து விறகு மூட்டி, பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். ஆறவைத்துக் கூசாவில் ஊற்றி மேசையில் வைத்தால் வீட்டில் எல்லோரும் அதையே குடிக்கலாமாம். போத்தலே வாங்குவோம், இந்த வயதில் விறகடுப்போடு மாரடிக்க வேண்டாம் என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நாங்கள் புறப்படும் நாள்வரைக்கும் ஐந்து மணிக்கு எழும்பினார். நானும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் குந்தியிருந்து விறகைத் தள்ளிக் கொடுத்தேன்.