இன்லே ஏரிக் கூட்டத்துக்கு நாள் குறித்த அனுபவம்

யாங்கோனிலிருந்து, ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை:

மியான்மரின் ஷான் மலைப்பகுதியில் உள்ள இன்லே ஏரி, பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 2018இல். அதற்கு அடுத்த ஆண்டில் அந்த ஏரியின் ஆய்வையும் பராமரிப்பையும் பற்றி ஒரு சிறிய பன்னாட்டுக் கூட்டம் நடத்துவதென்று முடிவானபோது, ஏற்பாட்டுக் குழுவில் இருந்த நாங்கள் ஐவரும் முதலில் குறித்த மாதம் மார்ச். அப்போது மழை இருக்காது, வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு வசதிப்படும், ஏரிக்கு அருகிலுள்ள ஹேஹோ விமான நிலையத்துக்குச் சீட்டும் எளிதில் கிடைக்கும் என்று அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டோம். ஐவரும் யாங்கோன்வாசிகள் என்பது அந்த அரை மணி நேரத்தில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

கூட்ட அரங்கைப் பார்க்க ஏரியை ஒட்டிய நகரமான நியாவுங்ஷ்வேக்குப் போயிருந்த நாளில், எங்களை ஏரிக்குள் அழைத்துச் சென்ற படகோட்டியிடம் பேச்சுவாக்கில் மாதத்தைச் சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஆசிரியையைப் பர்மிய மொழியில் 'சயாமா' என்பார்கள். "மார்ச்சிலா, சயாமா? அப்போது பெரிய வாய்க்காலில் மட்டுந்தான் போகலாம். தோட்டங்களுக்குப் போகும் சின்ன வாய்க்கால்களில் எஞ்சின் விசிறி சேற்றைத்தான் உழும்" என்றார். இன்லே கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் கோடையில் அதன் சராசரி ஆழம் இரண்டு மீட்டர் அளவுதான், மழைக்காலத்தில் இன்னும் ஒன்றரை மீட்டர் ஏறும் என்பதை நான் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். அந்த எண்களைக் கொண்டு ஒரு தேதியைத் தீர்மானிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் போனதை இன்றும் வருத்தத்தோடு நினைத்துக்கொள்கிறேன். மார்ச்சில் ஷான் மலைகளில் காடும் புதரும் எரிக்கப்படுவதால் ஏரியின் மேல் புகை படிந்திருக்கும் என்பதையும் அவரே சொன்னார். ஏரியைக் காண உலகின் பல மூலைகளிலிருந்து வருகிறவர்களுக்குக் கரையே தெரியாமல் போயிருக்கும்.

அக்டோபருக்குத் தள்ளலாம் என்றால், அதுவே பவுங் டோ ஊ திருவிழா வரும் காலம். புத்தர் திருவுருவங்களை ஏற்றிய தங்கப் படகு ஊர் ஊராக வலம் வரும் அந்தப் பதினெட்டு நாளும் ஏரியில் ஒரு படகு மிஞ்சாது, நகரில் ஓர் அறை மிஞ்சாது. நவம்பர் பௌர்ணமியை ஒட்டித் தவுங்ஜியில் தீப்பலூன் விழா. இப்படி ஒவ்வொரு மாதமாகத் தள்ளிக் கடைசியில் டிசம்பர் முதல் வாரத்தில் நின்றோம். தண்ணீர் இன்னும் வடியாத காலம், புகை இல்லை, விடியற்காலையில் மட்டும் குளிர். வருகிறவர்கள் போர்வை கொண்டுவர வேண்டும் என்று அழைப்பிதழிலேயே எழுதினோம்.

அழைப்புப் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மீன், நீர்த்தாவரம், வண்டல், சுற்றுலா என்று துறைகள் நிரம்பியிருந்த எங்கள் முதல் பட்டியலில் மின்சாரத் துறையினர் ஒருவர்கூட இல்லை. இன்லேயிலிருந்து வெளியேறும் தண்ணீர் பலூ ஓடையாகத் தெற்கே இறங்கி, மோபியே நீர்த்தேக்கத்தில் தங்கி, லோபித்தா நீர்மின் நிலையங்களில் மின்சாரமாகிறது. அங்குள்ள பெரிய நிலையம் ஜப்பான் கொடுத்த போர் இழப்பீட்டில் கட்டப்பட்டு 1960இல் இயங்கத் தொடங்கியது. ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், நம் வீடுகளில் எரிந்த விளக்குகளுக்கு அந்த ஏரித் தண்ணீரும் எண்ணெய் வார்த்தது என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நினைவு வந்த பிறகுதான் அவர்களுக்கும் அழைப்பு போயிற்று.

மற்றவற்றை அந்தக் கூட்டத்தில் உடனிருந்தவர்கள் எழுதுவதே முறை.

தவுங்ஜியிலிருந்து, மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர்:

அக்கா தேதியைப் பற்றி எழுதிவிட்டார்கள். நான் நாளைப் பற்றி எழுதுகிறேன். ஏரியில் வாழும் இந்தா மக்களோடு ஆய்வாளர்கள் பேசுவதற்கென்று மூன்றாம் நாள் காலையில் ஓர் அமர்வு ஒதுக்கப்பட்டிருந்தது. முப்பது நாற்காலிகள் போட்டிருந்தோம், வந்தவர்கள் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் சந்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை சுழன்று வரும் என்பது இந்தப் பகுதியில் குழந்தைக்கும் தெரியும். அன்று நாங்கள் அழைத்திருந்த ஊரில் சந்தை நாள். தக்காளியும் மீனும் விற்கப் போன பெண்கள் நண்பகல் தாண்டித்தான் வீடு திரும்பினார்கள். நிகழ்ச்சி நிரலை மொழிபெயர்த்தவள் நான். அதைப் படித்தபோதே சந்தை முறையைச் சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான். மறுநாள் பிற்பகலில் அமர்வை மீண்டும் வைத்தபோது நாற்காலிகள் போதவில்லை.

அந்த மறு அமர்வில் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் இரண்டு வரைபடங்களைத் திரையில் காட்டினார். 1935இல் 69 சதுர கிலோமீட்டராக இருந்த திறந்த நீர்ப்பரப்பு 2000இல் 46.7ஆகச் சுருங்கியதைக் காட்டும் படங்கள் அவை. முதல் வரிசையில் இருந்த முதியவர், ஐம்பது ஆண்டுகளாக ஏரியின் மேல் நீர்த்தாவரப் படுகையாக மிதக்கும் தோட்டத்தில் தக்காளி வைப்பவர், அந்தக் குறைந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டார். அந்த ஆய்வு இழப்பின் பெரும்பகுதியை மிதக்கும் தோட்டங்களின் கணக்கில் எழுதுகிறது. ஆய்வாளரும் அதை ஒளிக்காமல் சொன்னார். அதைப் பர்மிய மொழியில் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது. வார்த்தைகளைக் கொஞ்சம் மழுப்பிச் சொல்லலாமா என்று ஒரு கணம் மனம் தடுமாறியது. மழுப்பினால் அவருடைய பதிலும் மழுங்கிப்போகும் என்று எண்ணி, இருந்ததை இருந்தபடியே சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தோட்டப் படுகை மிதந்து போகாமலிருக்க அதன் ஊடே மூங்கில் கழியைக் குத்தி ஏரியின் அடிமண்ணில் ஊன்றுவார்கள். "என் அப்பா இதே இடத்தில் ஊன்றிய மூங்கில் என்னைப் போல் இரண்டு ஆள் உயரம். இன்று நான் ஊன்றுகிற மூங்கிலில் பாதி சேற்றுக்குள் போய்விடுகிறது. மேலே தண்ணீரை மூடியது என் தோட்டம், அது உண்மை. அடியில் மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது நானில்லை" என்றார். மலைச்சரிவுகளில் காடு அழிந்ததாலும் சாகுபடியாலும் ஓடைகள் வண்டலைச் சுமந்து வருவதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர் அதைத் தம் கழியாலேயே அளந்திருந்தார். ஆனால் மேட்டு நிலங்களில் பயிரிடும் பா-ஓ மக்களில் ஒருவரைக்கூட நாங்கள் அழைத்திருக்கவில்லை. ஆகவே அவருடைய பேச்சுக்கு மலையின் பக்கமிருந்து பதில் சொல்ல அந்த அரங்கில் ஆளில்லை.

மோல்மேனிலிருந்து, கணக்குகளைப் பார்த்துக்கொண்டவர்:

நான் சொல்லப்போவது மிகச் சிறிய விஷயம். வெளிநாட்டினரின் வங்கி அட்டைகளில் கட்டணம் பெறும் வசதி எங்கள் குழுவுக்கு இல்லாததால் பதிவுக் கட்டணத்தை டாலர் தாள்களாகவே வாங்கினோம். மடிப்போ கறையோ உள்ள தாளை நம் ஊர் நாணய மாற்றுக்காரர்கள் திருப்பித் தந்துவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே அறிவிக்காமல் விட்டதால் நூற்றுக்கணக்கான டாலர் என் பெட்டியில் வாரக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அழைப்பிதழில் போர்வையைப் பற்றி எழுதிய அம்மா, புதிய தாள்களைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உள்நாட்டு மாணவர்களுக்குக் கட்டணத்தை முழுவதுமாக விலக்கியதில் எனக்கு இன்றும் நிறைவு உண்டு. தாங்களே தயாரித்த சுவரொட்டிகளோடு கூட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அந்த மாணவர்கள்தான்.

மீண்டும் ஆசிரியை:

தம்பி சொன்னது சரி, அந்த வரியை நான் எழுதியிருக்க வேண்டும். அந்தப் பெரியவரைப் பற்றித் தங்கை எழுதியதைப் படித்தபோது ஜப்பானின் பிவா ஏரி நினைவுக்கு வந்தது. 1977இல் அங்கே நுண்ணுயிர்கள் பெருகி நீரைச் செந்நிறமாக்கும் செந்நீர்ப் பெருக்கு தோன்றியபோது, துணி துவைக்கும் சலவைத் தூளில் உள்ள பாஸ்பரஸும் ஒரு காரணம் என்று அறிந்த இல்லத்தரசிகள் சோப்புத் தூளுக்கு மாறும் இயக்கத்தை ஊரெங்கும் கொண்டுபோனார்கள். 1979இல் ஷிகா மாநில அரசு பாஸ்பரஸ் கலந்த வீட்டுச் சலவைத் தூளைத் தடுக்கும் ஆணையை இயற்றியது. 1984 ஆகஸ்டில் அதே ஏரிக்கரையில் உள்ள ஓட்சு நகரில் முதல் உலக ஏரி மாநாடு கூடியபோது ஆய்வாளர்களோடும் அதிகாரிகளோடும் குடிமக்களும் ஒரே அவையில் அமர்ந்தார்கள். நாங்களோ ஏரியில் குடியிருப்பவர்களுக்கு ஒரே ஒரு காலை வேளையை ஒதுக்கினோம், அதையும் சந்தை நாளில் ஒதுக்கினோம்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் ஏரியின் மேல் கால் ஊன்றி நின்ற வீடுகள் பல சரிந்தன. இன்னொரு கூட்டம் கூட்டலாமா என்று பழைய குழுவினர் இப்போது பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அரங்கையோ விமானத்தையோ பற்றி நான் இன்னும் எதுவும் பேசவில்லை. ஐந்து ஊர்களின் சந்தை நாள்களை எழுதி அனுப்பும்படி தங்கையிடம் கேட்டிருக்கிறேன். மலையிலிருந்து யாரை அழைக்கலாம் என்பதையும் அந்தப் பெரியவரிடமே கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.