மண்டபம் பக்கம் முதல் வீடு தேடியபோது எதிர்ப்பட்டவர்கள்

மண்டபம் டீச்சர்:

உச்சிப்புளியில் பஸ் ஏறி ராமேஸ்வரம் போகிற வழியில் ரோட்டோரம் நட்டிருக்கும் மனை விற்பனை போர்டுகளை எண்ண ஆரம்பித்தால் பாம்பன் பாலம் வந்துவிடும், எண்ணிக்கை முடியாது. எங்களுக்குச் சொந்த ஊர் பரமக்குடி, எனக்கு வேலை மண்டபம் ஒன்றியத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில். இத்தனை வருஷமும் ஒத்திக்குத்தான் இருந்தோம், அதாவது மொத்தமாக ஒரு தொகையை வீட்டு ஓனரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது, காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். ஓனர் மகனுக்குக் கல்யாணம் வைத்தார், வீடு வேண்டும் என்றார். சரி, இன்னொரு ஒத்தி தேடுவதற்குச் சொந்தமாகவே பார்த்துவிடலாம் என்று நானும் இவரும் இறங்கினோம்.

முதலில் மாட்டியது புரோக்கர். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் ஏர்போர்ட். "2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலத்தைத் திறந்தாங்க, அதே வருஷ பட்ஜெட்லயே ராமேஸ்வரத்துக்கு ஏர்போர்ட்டுன்னு அறிவிச்சிட்டாங்க, இப்ப விட்டா அப்புறம் நீங்க இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது டீச்சர்" என்பார். அவர் காட்டிய ஒவ்வொரு மனைக்கும் பக்கத்திலேயே அந்த ஏர்போர்ட் வந்தது, அதுதான் எனக்குப் புரியவில்லை. பாலமும் அறிவிப்பும் உண்மைதான். ஆனால் அந்த விலையைக் கொடுப்பவர்கள் மதுரையிலும் சென்னையிலும் இருந்துகொண்டு, வாங்கிப் போட்டுவிட்டு நாளைக்கு விற்கப் போகிறவர்கள், இல்லையென்றால் லாட்ஜ் கட்டுகிறவர்கள். குடியிருக்கப் போகிற எனக்கு அந்த விலை எதற்கு? இதை அளக்க இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எந்தத் தெருவுக்குப் போனாலும் மனை விலை கேட்டதும் அடுத்த கேள்வியாக அதே தெருவில் ஒரு வீட்டின் வாடகையைக் கேட்பார். மனை விலை சில வருஷத்தில் மூணு மடங்கு ஏறியிருக்கும், வாடகை ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கூடியிருக்கும். அங்கே குடியிருக்க வரும் ஆட்கள் கூடவில்லை, பேச்சுத்தான் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

விலையின் இன்னொரு பாதியைக் காட்டியது ஒரு ஆச்சி. புது பெயின்ட் அடித்த வீடு, மாடிப்படி, கிரில் கேட் எல்லாம் போட்டிருந்தார்கள், எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. போர் 150 அடி போட்டிருக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். வெளியே வந்தபோது எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த ஆச்சி என்னைக் கூப்பிட்டு, "வாங்கப் போறியா தாயி? அந்தத் தண்ணியில பருப்பு வேகாது" என்றது. அவ்வளவுதான் சொன்னது, உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது இது. இந்தக் கரையில் மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கிறது, நல்ல தண்ணீர் எடை குறைவு என்பதால் மேலேயே தங்குகிறது. அதனால்தான் நம் பெண்கள் காலங்காலமாக மணலில் கையால் ஊற்றுத் தோண்டி அகப்பையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுகிறார்கள். ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் வரும் என்பது வேறு ஊர்க் கணக்கு, இங்கே ஆழமாக போர் போட்டு மோட்டார் வைத்து இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறதே என்றால், இருக்கிறது, முறை வைத்து வரும், குடிக்கச் சமைக்க ஆகும், வீடு கட்டவும் துவைக்கவும் அது காணாது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பத்தடிக் கிணற்றில் இளநீர் போல் தண்ணீர், அந்தப் பக்கம் வாயில் வைக்க முடியாது, புரோக்கர் இரண்டுக்கும் ஒரே விலைதான் சொல்வார். உள்ளூர்க்காரர் ஒருத்தர்கூட அந்தப் பக்கத்து மனைக்கு அந்த விலை கொடுக்க மாட்டார்.

ஆச்சி சொன்ன வீட்டுக்குத் தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப்போனேன். அவர் கம்பால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே வந்தார், இரண்டு இடத்தில் பொத்தென்று சத்தம் கேட்டது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டு, அதே தண்ணீரை ஊற்றி ஊற வைத்திருக்கிறார்கள், உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, அதை மறைக்கத்தான் புது பெயின்ட். கடல் காற்று ஏற்கெனவே கம்பியைத் தின்கிற ஊர், கலவையிலும் உப்பு இருந்தால் கேட்கவா வேண்டும். வீடு பார்க்கப் போகிறவர்கள் சுவரின் கீழ் இரண்டடியைப் பாருங்கள், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், இல்லையென்றால் அந்த இரண்டடிக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள்.

பணக் கணக்கு தனிக் கதை. வீட்டு மதிப்பில் 90 சதவீதம் கடன் கிடைக்கும், 10 சதவீதம் கையில் இருந்தால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு, ஆனால் அது வங்கியின் இன்ஜினியர் போடும் மதிப்பில். பேசிய விலை 20 லட்சம், அவர் 16 லட்சம்தான் தேறும் என்று எழுதினால் கடன் 14 லட்சத்து 40 ஆயிரத்தோடு நின்றுவிடும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் பத்திரச் செலவு, 20 லட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம், அதைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கூட்டிப் பார்த்தால் கையில் 7 லட்சத்து 40 ஆயிரம் வேண்டும், இரண்டு லட்சத்தை வைத்துக்கொண்டு போனால் அட்வான்ஸ் கொடுத்த பிறகு முழிக்க வேண்டியதுதான். பேங்க் மதிப்புக்கும் வாய் விலைக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பள்ளம்தான் நான் மேலே சொன்ன ஏர்போர்ட் பேச்சு. ஒரு விற்பனைக்காரர் பாதியை ரொக்கமாகக் கேட்டார். சொத்து வாங்கல் விற்றலில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பணம் வாங்கினால், அந்தப் பணத்தை வாங்கும் விற்பனைக்காரருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று இவர் சொன்னதும் அவர் அப்புறம் போனே எடுக்கவில்லை.

கீழக்கரை காக்கா:

டீச்சர், எங்க ஊரில் நீங்கள் வீடு தேடியிருந்தால் இந்த அளவுக்குக்கூட எழுத விஷயம் கிடைத்திருக்காது, ஏனென்றால் நல்ல வீடு விலைக்கே வராது. பெண்ணுக்குக் கல்யாணத்தோடு வீட்டைக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். தகப்பன் மகளுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுவார், வீடு அப்படியே பெண் வழியில் கைமாறும். விலைக்கு வருவது பெரும்பாலும் துபாயிலோ மலேசியாவிலோ குடும்பத்தோடு தங்கிவிட்டவர்களுடைய வீடு.

நான் வாங்கியது அப்படி ஒன்று. ஓனர் சவுதியில், அவர் சார்பில் விற்க அவருடைய தம்பி பவர் பத்திரம் வைத்திருந்தார். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும், அதை முதலில் பாருங்கள். அப்புறம், பத்திரம் பதியும் நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு 30 நாளுக்குள் வாங்கிய உயிர்வாழ் சான்று கேட்பார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பம் அந்தத் தாள் இல்லாமல் திரும்பிப் போனது, பிரியாணி வரைக்கும் சொல்லி வைத்துவிட்டு வந்திருந்தார்கள், பாவம்.

யாரும் சொல்லாத விஷயம் வரி. விற்கிறவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், உள்நாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது இருக்கிற 50 லட்சம் வரம்பெல்லாம் இல்லை, எவ்வளவு சின்ன விலை என்றாலும் வாங்குகிறவர்தான் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும், விட்டுவிட்டால் வருமான வரித்துறை வாங்கினவரைத்தான் தேடி வரும். தம்பிக்காரர் "அதெல்லாம் யாருங்க பாக்குறா" என்றார். ஆடிட்டரிடம் கூட்டிப்போனபின் அவரே ஒத்துக்கொண்டார். சர்வே எண் வக்பு வாரியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், கோயில் நிலத்துக்கும் அதேதான், இருந்தால் பதிவாளர் ஆபீசில் பேனாவே எடுக்க மாட்டார்கள்.

சாயல்குடி, ஓய்வு பெற்ற சர்வேயர்:

கடல் பார்த்த மனை என்று ஆசைப்பட்டு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூக்கையூர்ப் பக்கம் மதுரையிலிருந்து ஒரு தம்பதி, இருவருமே நல்ல வேலை, தூரத்துச் சொந்தம் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். மனையில் நின்றால் அலைச் சத்தம் காதில் விழுகிறது. நான் எஃப்.எம்.பி. வரைபடத்தை, அதாவது அந்த சர்வே எண்ணின் நில அளவை வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தேடினேன், மூன்று கல் இருந்தது, நாலாவது கல் கடல் மணலில் புதைந்து போயிருந்தது. அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கிராமப்புறக் கரையில் அதில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது என்பதுதான் பொது விதி, பாரம்பரியமாக அங்கேயே வாழும் மீனவக் குடும்பங்களுக்குத்தான் வீட்டுக்கு விலக்கு உண்டு. 2019 அறிவிக்கை சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது, அந்த மனையைச் சுற்றி இருந்தது பனையும் ஆடுகளும்தான். பட்டா இருக்கிறதே என்று அந்தத் தம்பி கேட்டார். பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், அங்கே கட்டலாமா என்று சொல்லாது.

இன்னொன்று, சீமைக்கருவேலம் அடர்ந்த மனை மலிவாகக் கிடைக்கிறது என்றால் எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் கிராமத்து அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். முள்ளுக்குள் ஓடையோ கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயோ படுத்திருக்கும், ஜே.சி.பி. விட்டு நிரவிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஐப்பசி மழையில் தண்ணீர் பழைய வழியில்தான் வரும். 2024 நவம்பரில் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் ஒரே நாளில் கொட்டியபோது எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள்.

அங்கீகாரமில்லாத மனைக்கு "சும்மா பதியலாம் சார்" என்பார்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகவே பதிவான பத்திரம் இருந்தால் மறுபடி பதிவாகும், ஆனால் வரன்முறை செய்யாமல், அதாவது மனையை அரசிடம் முறைப்படுத்தாமல் பிளான் அப்ரூவல் கிடைக்காது, அப்ரூவல் இல்லாமல் பேங்க் கடன் கொடுக்காது.

தங்கச்சிமடத்திலிருந்து:

எல்லாரும் பேங்க் பேங்க் என்கிறீர்கள், நான் விசைப்படகில் போகிறவன். வாரத்துக்கு மூன்று நாள்தான் கடல், அதிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மேனேஜர் நல்லபடியாகத்தான் உட்கார வைத்துப் பேசினார், மாதாமாதம் என்ன வருமானம் என்று ஒரே கேள்வி. "சார், வந்தா வரும், வராட்டி வராது" என்றேன், சிரித்தார், கடன் கொடுக்கவில்லை. அதனால் எங்கள் ஆட்கள் கட்டுகிற மாதிரியே நானும் கட்டுகிறேன், ஒரு வருஷம் அஸ்திவாரம், இறால் நல்லா விழுந்த வருஷம் சுவர், நகையை வைத்து மேல்கூரை. பேங்க் வீட்டுக் கடன் வட்டி இல்லை, ஆனால் சிமென்ட் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, நின்றுபோன சுவரில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டு துருப்பிடிக்கிறது. நீட்டி நிற்கும் கம்பிக்கு சிமென்ட் பால் அடித்து வைக்கச் சொல்லிக் கொத்தனார் சொன்னார், செய்கிறேன்.

டீச்சர், எனக்கு ஒன்று சொல்லுங்க. பக்கத்து மூணு சென்ட்டைச் சம்சாரம் பேரில் எழுதினால் கட்டணம் குறையுமாமே?

மண்டபம் டீச்சர்:

குறையும் தம்பி. 2025 ஏப்ரல் 1-லிருந்து 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதோடு இன்னொன்றும் பாருங்கள், 2024-லிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் முதல் மாடியும் என்றால் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கட்டட அனுமதி வாங்கலாம், மனைக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே கட்ட ஆரம்பிக்கிறதற்கு முன்னாலேயே அதை வாங்கிவிடுங்கள், பின்னால் விற்கிறதோ கடன் வாங்குகிறதோ என்றால் அதுதான் முதலில் கேட்பார்கள்.

நாங்கள் கடைசியில் வேதாளைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு அக்ரிமென்ட் போட்டிருக்கிறோம். பார்க்க ஒன்றுமில்லை, பின்பக்கம் கிணறு இருக்கிறது, அந்தத் தண்ணீரில் ஒரு நாள் பருப்பு வேகவைத்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே பேசினேன். விற்கிறவர் அண்ணன் தம்பி மூவர், தங்கை ஒருத்தி காரைக்குடியில். "கல்யாணத்தப்பவே அதுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிட்டோம்" என்றார் பெரியவர். தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களில் பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்துவிட்டது என்று வக்கீல் சொல்லி, அந்தம்மா கையெழுத்து இல்லாமல் பத்திரம் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அண்ணன்மார் கொஞ்சம் முகத்தைத் தூக்கினார்கள். நாங்களே காரைக்குடி போய்ப் பார்த்தோம், அந்தம்மா காபி கொடுத்துவிட்டு, பங்குத் தொகையைத் தன் பேரில் டி.டி. எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். தை பிறந்ததும் பதிவு. கூட்டுப்பட்டாவில் இருக்கிறது, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்க எவ்வளவு நாள் ஆகும் என்று சர்வேயர் ஐயா சொன்னால் நன்றாயிருக்கும்.