லேட்டஸ்ட் டேகைப் புதுப்பித்தபின் போஸ்ட்கிரெஸ் கண்டெய்னர் இயங்கவில்லை

கேள்வி:
அலுவலகத்துக்குள் பயன்படும் செயலி ஒன்று டாக்கர் கம்போஸில் (மென்பொருள்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களாகச் சேர்த்து இயக்கும் கருவி) ஓடுகிறது. எனக்கு முன் இதைக் கவனித்தவர், தரவுத்தள இமேஜுக்கு (கண்டெய்னர் உருவாகும் மென்பொருள் தொகுப்பு), டேகில் பதிப்பு எண் தராமல் வெறுமனே 'போஸ்ட்கிரெஸ்:லேட்டஸ்ட்' என்று எழுதி வைத்திருக்கிறார். புதிய இமேஜை இழுத்து ஏற்றியதிலிருந்து கண்டெய்னர் தொடங்கியவுடனே நின்றுவிடுகிறது. 18ஆம் பதிப்பு முதல் தரவு வேறு அடைவில் இருக்க வேண்டும் என்றும், பழைய 'டேட்டா' அடைவில் ஏற்கெனவே தரவு இருக்கிறது என்றும் லாக் சொல்கிறது. தரவைச் சேமித்து வைக்கும் வால்யூமை அழித்துவிட்டு ஏற்றலாமா?

பதில் 1:
வால்யூமைத் தொடாதீர்கள், தரவு அதில் அப்படியே இருக்கிறது. அந்த அடைவில் 'பிஜி_வெர்ஷன்' என்னும் சிறு கோப்பைத் திறந்தால் ஒரே ஓர் எண் இருக்கும். அது 17 என்றால், டேகையும் 17 என்று மாற்றி ஏற்றுங்கள். வால்யூமை இணைக்கும் மவுண்ட் பாதையைத் திருத்தினாலே சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் 17 எழுதிய தரவு அடைவை 18 நேரடியாகத் திறக்காது. 17.5இலிருந்து 17.6க்குப் போவது போன்ற சிறு பதிப்பு மாற்றத்தில் இந்தத் தொல்லை இல்லை.

கேட்டவர்:
நன்றி, 17 இயங்குகிறது. ஆனால் தரவுத்தளம் கொலேஷன் (எழுத்து வரிசை விதிகள்) பதிப்பு 2.36இல் உருவாக்கப்பட்டது, இயங்குதளம் தருவதோ 2.41 என்று புதிய எச்சரிக்கை வருகிறது. முன்பு ஓடியதும் இதே 17தானே?

பதில் 2:
போஸ்ட்கிரெஸ் அதேதான், இமேஜில் அதன் அடியில் இருக்கும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம்தான் மாறியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்தபின், 17 என்ற டேக் டெபியன் 12ஆன புக்வோர்மிலிருந்து டெபியன் 13ஆன டிரிக்ஸிக்கு நகர்ந்துவிட்டது. அத்துடன் டெபியனின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியும், அது தரும் எழுத்து வரிசை விதிகளும் மாறின. உரைப் புலங்களின் இண்டெக்ஸ்கள் (தேடல் அட்டவணைகள்) பழைய வரிசையிலேயே இருப்பதால், இருக்கிற பதிவே தேடலில் அகப்படாமல் போகலாம். யூனிக் கட்டுப்பாட்டை மீறி இரட்டைப் பதிவும் நுழையலாம். கொலேஷன் பதிப்பை ரெஃப்ரெஷ் செய்யும் கட்டளையை மட்டும் கொடுத்து எச்சரிக்கையை அடக்கிவிடுவோர் உண்டு. முதலில் ரீஇண்டெக்ஸ் செய்யாமல் (இண்டெக்ஸ்களைப் புதிதாகக் கட்டாமல்) அதைக் கொடுப்பது ஆபத்து.

இப்போதைக்கு '17-புக்வோர்ம்' டேகுக்குத் திரும்புங்கள். இடையில் ஏதேனும் எழுதப்பட்டிருந்தால் அங்கேயும் ஒருமுறை ரீஇண்டெக்ஸ் செய்துவிடுங்கள். இந்த டேகும் சிறு பதிப்புகளோடு நகரும் என்பதால், ஓடுவது எது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கம்போஸ் கோப்பில் இமேஜின் மாறாத அடையாளமான டைஜெஸ்டையும் சேர்த்தே எழுதுங்கள். பிறகு பிஜி_டம்ப்ஆல் கொண்டு முழு நகல் எடுத்து, புதிய வால்யூமை 'டேட்டா'வுக்கு ஒரு படி மேலுள்ள அடைவில் மவுண்ட் செய்து, 18இல் மீட்டெடுங்கள். மீட்டெடுக்கையில் இண்டெக்ஸ்கள் புதிதாகவே கட்டப்படுவதால், கொலேஷன் சிக்கலும் அத்துடன் தீர்ந்துவிடும்.