பரணில் கிடந்த பெட்டி

குழு: வலங்கைமான் வீடு

கீதா மன்னி: பெரியம்மாவின் ஃபிளாட்டை சனிக்கிழமைக்குள் காலி செய்து சாவி கொடுக்க வேண்டும். பீரோவும் கட்டிலும் போய்விட்டன. பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. யாருக்கு வேண்டும்?

பாலு: பூட்டியிருக்கா?

கீதா மன்னி: வாட்ச்மேன் உடைத்துக் கொடுத்தார். பழுப்பேறிய வெள்ளைப் புடவை ஒன்று, நான்கு நோட்டு, இந்தப் போட்டோ.

[புகைப்படம்]

நித்யா: யார் இந்தப் பெண்கள்? எல்லோரும் என்னைவிடச் சின்னவர்கள் மாதிரி இருக்கிறார்கள்

கீதா மன்னி: பின்னால் பென்சிலில் "ஐஸ் ஹவுஸ், 1921". வலது ஓரத்தில் குஞ்சு அத்தைப்பாட்டி. மூக்கைப் பாருங்கள்.

பாலு: எனக்கு வந்த மூக்கு. பாவம்.

உமா: வெள்ளிக் கூஜா அதற்குள் இல்லையா?

கீதா மன்னி: இல்லை உமா.

உமா: சும்மா கேட்டேன்.

ரகு மாமா: நித்யா, உனக்காகச் சொல்கிறேன். ஐஸ் ஹவுஸ் என்பது மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம். விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம், 1842 வாக்கில் அமெரிக்காவின் டியூடர் கம்பெனி கட்டியது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து இங்கே சேமித்து விற்றார்கள். அப்புறம் நம் நாட்டிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி, ஜன்னலும் தாழ்வாரமும் வைத்து வீடாக்கினார். ஜட்ஜ் கெர்னன் நினைவாக 'காசில் கெர்னன்' என்று பெயர். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். மீதியைச் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

பாலு: மீதி வேறயா

ஸ்ரீராம் பாஸ்டன்: எங்கள் ஊர் ஐஸா! இப்போதும் வாசலில் முழங்கால் உயரம் கிடக்கிறது. அனுப்பட்டுமா?

கீதா மன்னி: பெரியம்மாவின் பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரச் சமையல்காரர் பாக்கி கேட்கிறார். அதை முதலில் அனுப்பு.

நித்யா: சரி, பாட்டி அங்கே ஏன் போனார்?

ரகு மாமா: தாத்தா தன் தங்கையைப் படிக்க அனுப்பினார். அந்தக் காலத்திலேயே அவ்வளவு முற்போக்கு.

லலிதா சித்தி: ரகு, என் வாயைக் கிளறாதே.

ரகு மாமா: நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

லலிதா சித்தி: அனுப்பியது தாத்தா இல்லை. பத்து வயதில் கல்யாணம், பதினொன்றில் எல்லாம் முடிந்துவிட்டது. தலையை மழிக்க நாள் பார்த்ததே தாத்தாதான். கொள்ளுப்பாட்டி இரண்டு வளையலை விற்று, பெண்ணைக் கூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறினாள்.

நித்யா: ஐயோ

உமா: இது எனக்கே தெரியாது சித்தி

லலிதா சித்தி: சொன்னால்தானே தெரியும். அத்தைப்பாட்டி "மெட்ராஸில் படித்தாள்" என்று மட்டும் சொல்லி வளர்த்தார்கள்.

ரகு மாமா: சரி, ஐஸ் ஹவுஸில் அப்போது இருந்த இளம் விதவைகள் விடுதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடத்தியவர் சகோதரி சுப்பலட்சுமி. அவரும் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். 1911இல் பி.ஏ. தேறினார், சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை. 1912இல் சாரதா மகளிர் சங்கம் ஆரம்பித்தார். எழும்பூரில் ஒரு வீட்டில் நாலைந்து பெண்களோடு தொடங்கிய விடுதி, இடம் போதாமல் ஐஸ் ஹவுஸுக்கு வந்தது. அவருடைய சித்தி வாலாம்பாளும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்.

பாலு: மாமா, மூச்சு விடுங்கள்

லலிதா சித்தி: இதில் தப்பில்லை, சொல்லட்டும்.

லலிதா சித்தி: முதல் மாதம் அலைச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை என்பாள். வலங்கைமானில் ஏது கடல்.

நித்யா: அப்புறம்?

லலிதா சித்தி: 1922இல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் டிரெயினிங் காலேஜ் வந்தது. அதற்கும் சுப்பலட்சுமிதான் தலைமை. அங்கே படித்து டீச்சர் ஆனாள். அந்தச் சம்பளத்தில்தான் உன் அப்பாவும் என் அப்பாவும் காலேஜ் படித்தார்கள் ரகு. வீட்டுக் கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது?

ரகு மாமா: அந்தக் காலத்து வழக்கம் அது.

லலிதா சித்தி: ஆமாம். வழக்கம்.

பாலு: சமையல்காரருக்கு நான் பாதி போட்டுவிட்டேன்

கீதா மன்னி: மீதிப் பாதி?

ஸ்ரீராம் பாஸ்டன்: இங்கே ராத்திரி இரண்டு மணி. குட்நைட்.

பாலு: தப்பித்தான்

ரகு மாமா: போட்டோவை விவேகானந்தர் இல்லத்திலேயே கொடுத்துவிடலாம். அதுதான் பொருத்தம்.

லலிதா சித்தி: சுவாமிஜி ஒன்பது நாள் இருந்தார். இவள் ஆறு வருஷம். எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டு கொடு.

நித்யா: தி.நகர் சாரதா வித்யாலயா? அதுவும் அவர் ஆரம்பித்ததுதானே?

ரகு மாமா: ஆம். 1938இல் ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்தார். நல்ல யோசனை. ஆனால் அசல் குடும்பத்திலேயே இருக்கட்டும்.

உமா: குடும்பம் என்றால் யார் வீட்டில் மாமா?

ரகு மாமா: மூத்தவன் நான்தானே.

லலிதா சித்தி: நான் உன்னைவிட ஐந்து வயது பெரியவள்.

நித்யா: நான் ஸ்கேன் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக அந்த இல்லத்துக்குப் போகலாமா?

பாலு: பார்க்கிங் கிடைக்குமா?

உமா: எனக்கு முழங்கால் வலி. மாடி ஏற முடியாது.

கீதா மன்னி: முதலில் பெட்டி. இப்போது லிஃப்ட் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அசோசியேஷன்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

நித்யா: நோட்டில் என்ன எழுதியிருக்கிறது மன்னி?

கீதா மன்னி: கணக்கு. பால், பேனா மை, பஸ். மாதாமாதம் முதல் வரி மட்டும் ஒன்றேதான். "அண்ணாவுக்கு மணியார்டர் ரூ.15".

ரகு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

லலிதா சித்தி: என்ன எழுதி அழித்தாய்?

ரகு மாமா: ஒன்றுமில்லை. எத்தனை வருஷத்துக் கணக்கு கீதா?

கீதா மன்னி: நாலு நோட்டிலும் இருக்கிறது மாமா.

உமா: கூஜா வாங்கிய கணக்கு இருக்கா?